"ஏன் பத்திரிகையாளர் ஆகணும்?" என்று கேட்டால் என்ன எழுதுவது?

நெல்லைச்சீமை:
பி.ஏ. இறுதியாண்டு. இதழியல் டிப்ளமோவுக்கு விண்ணப்பிக்கிறேன். ஏன் இந்தத் தொழில் என்று 500 சொற்களில் எழுதணும், நேர்முகமும் உண்டு. "குரலற்றவர்களின் குரலாக" என்று ஆரம்பித்தேன், அதற்கு மேல் நகரவில்லை. மனசில் இருப்பதும் அதுதான். எப்படி எழுதலாம்?

டெஸ்க்வாசி:
எண்ணத்தில் குறையில்லை, ஆனால் இந்த வரி விண்ணப்பத்துக்கு விண்ணப்பம் வரும். "யாருடைய குரல்? அவங்ககிட்ட பேசினீங்களா?" என்றுதான் நேர்முகத்தில் அடுத்த கேள்வி விழும். உங்கள் ஊரில் உங்களை உறுத்துகிற ஒன்றை மட்டும் எடுங்கள். போட்ட வருடமே பெயர்ந்துபோன சிமென்ட் சாலை என்று வைத்துக்கொள்வோம். ஒப்பந்தக்காரர் யார், மதிப்பீடு எவ்வளவு, எத்தனை மீட்டர், எவ்வளவு கனம்? இதைத் தெரிந்துகொள்ளாமல் விட மனசு வரவில்லை என்றால் அதுதான் உங்கள் காரணம். அதை எழுதுங்கள்.

தாலுகா நிருபர்:
சாலை விஷயமென்றால் இப்போதே ஆர்.டி.ஐ. (தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு) போடுங்கள். வெள்ளைத்தாளில் எழுதி, 10 ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்கு ஸ்பீட் போஸ்ட். "சாலை ஏன் பெயர்ந்தது?" என்று கேட்டால் திருப்பிவிடுவார்கள், ஏன், எதற்கு என்பதெல்லாம் சட்டப்படி 'தகவல்' ஆகாது. ஆவணத்தைக் கேளுங்கள்: மதிப்பீடு, வேலை உத்தரவு, எம்-புக் (செய்த வேலையின் அளவுகளைப் பதிகிற அளவீட்டுப் புத்தகம்), இறுதி பில், நான்கின் நகலும். விஷயம் பெரும்பாலும் எம்-புக்கில்தான் இருக்கும். அதில் 15 செ.மீ. கனம் என்று எழுதியிருந்தால், உடைந்த ஓரத்தில் ஸ்கேல் வைத்துப் படம் எடுங்கள். ஒரே இடத்தில் அளந்தால் "அங்கே மட்டும் தேய்ஞ்சிருக்கு" என்பார்கள், நாலைந்து இடத்தில் அளக்கணும்.

30 நாளில் பதில் வரணும். வராவிட்டால் அடுத்த 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு. இங்கேதான் பலர் நாளைத் தவறவிடுகிறார்கள்.

நெல்லைச்சீமை:
நன்றி அண்ணா. மாணவர் கேட்டால் தருவார்களா? எதற்கு என்று கேட்டால்?

தாலுகா நிருபர்:
இந்தியக் குடிமகனாக இருந்தால் போதும். காரணம் சொல்ல வேண்டியதில்லை, பிரிவு 6(2) அதைத்தான் சொல்கிறது. ஃபோனில் விசாரித்தாலும் அதையே சொல்லுங்கள்.

ஈரோட்டு மஞ்சள்:
ஒன்று சேர்க்கிறேன். அநியாயத்தைத் தட்டிக்கேட்க வருகிறவர்கள் சறுக்குவது ஒப்பந்தக்காரரிடம் பேசாமல் விடும்போதுதான். நகல் கைக்கு வந்ததும் கேள்விகளை எழுத்தில் அனுப்பி, பதில் சொல்ல அவகாசம் கொடுங்கள். அனுப்பிய தேதியும் நேரமும் நோட்டில் இருக்கட்டும். அவர் காட்டும் ஒரு ரசீது செய்தியையே மாற்றிவிடலாம். அப்படி மாறினால் மாறிய செய்திதான் செய்தி. நேர்முகத்தில் இதையும் சொல்லுங்கள், கோபத்தோடு பொறுமையும் இருக்கிறதா என்று அங்கே பார்ப்பார்கள்.

படிப்பு முடித்து வேலைக்குப் போகும்போது நியமனக் கடிதம், மாதச் சம்பளம், பி.எஃப். மூன்றையும் கேட்டு வாங்குங்கள். விளம்பரம் பிடித்துத் தரணுமா என்பதையும் முதல் நாளே கேளுங்கள். விளம்பரம் கொடுத்த ஒப்பந்தக்காரரின் சாலையைப் பற்றி எழுதுவது லேசான காரியமில்லை.