தம்பியின் மணிக்கட்டும் தந்தையின் மாலைப் பொழுதும்

என் தம்பிக்கு மனச்சிதைவு நோய் என்று உறுதியானதும் ஹாலோபெரிடால் மாத்திரை தொடங்கப்பட்டது. காதில் கேட்ட குரல்கள் சில வாரங்களில் அடங்கின. ஆனால், நடக்கும்போது அவன் கைகள் வீசாமல் உடலோடு ஒட்டியே இருப்பதையும், ஒரு சட்டைப் பொத்தானைப் போட அவன் நெடுநேரம் திணறுவதையும், முகத்தில் சிரிப்போ எரிச்சலோ எழாததையும் கண்டு, நோய்தான் முற்றுகிறது என்று நாங்கள் அஞ்சினோம். மருத்துவர் அவன் மணிக்கட்டைப் பிடித்து முழங்கையை மெல்ல மடக்கி நீட்டினார். பற்சக்கரம் போல அது விட்டுவிட்டு நகர்ந்தது. "இது நோயல்ல, மருந்தின் வேலை" என்றார்.

டோபமைன் என்பது மூளையில் நரம்பணுக்களிடையே செய்தி கடத்தும் ஒரு வேதிப்பொருள். அதைச் சுரக்கும் நரம்பணுக்களிலிருந்து பல பாதைகள் கிளம்புகின்றன. மாயக் குரல்களோடு தொடர்புடையது ஒன்று, உடலசைவை நடத்துவது வேறொன்று. விழுங்கிய மாத்திரைக்கு இந்த வேறுபாடு தெரியாது. டோபமைன் வந்து பற்றும் இடங்களான டி2 ஏற்பிகள் எங்கிருந்தாலும் அவற்றைப் போய் அடைத்துக்கொள்கிறது. சுமார் 65 விழுக்காடு ஏற்பிகள் அடைபட்டால் பலன் தெரியத் தொடங்கும் என்றும், 80 விழுக்காட்டைத் தாண்டினால் விறைப்பு வரும் வாய்ப்பு கூடும் என்றும் மருத்துவர் விளக்கினார். அளவைக் குறைத்த பிறகு விறைப்பு படிப்படியாகத் தளர்ந்தது. முதல் நாளே இதை ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அவன் மாத்திரைகளை விழுங்காமல் தலையணை உறைக்குள் சேர்த்து வைத்திருக்க மாட்டான் என்பதே என் மனக்குறை.

*

ஒரு வாசகரின் மறுமொழி: தங்கள் பகிர்வைப் படித்தபோது என் தந்தையார் நினைவுக்கு வந்தார். டோபமைன் நரம்பணுக்கள் அழிவதால் வரும் பார்க்கின்சன் நோய் அவருக்கு. மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மருந்தின் அளவைக் கூட்டியதும் நடை சீரானது. ஆனால் மாலை வேளைகளில் அறை மூலையில் குழந்தைகள் அமர்ந்திருப்பதாகச் சொல்லத் தொடங்கினார். தங்கள் தம்பிக்கு நேர்ந்ததன் மறுபக்கம் என்றே இதைச் சொல்வேன். 1957-இல் சுவீடன் ஆய்வாளர் அர்வித் கார்ல்சன், டோபமைனை வற்றச் செய்யும் ரெசர்பின் மருந்து செலுத்தப்பட்டு அசைவற்றுக் கிடந்த முயல்களுக்கு எல்-டோபா என்றும் அழைக்கப்படும் இதே லெவோடோபாவைக் கொடுத்து எழுந்து நடமாடச் செய்தார் (2000-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது). அந்த ரெசர்பினோ ஒரு காலத்தில் மனநோய்க்கே தரப்பட்ட மருந்து.

ஹாலோபெரிடால் கொடுத்தால் தந்தையின் நடை மீண்டும் முடங்கிவிடும் என்பதால், லெவோடோபாவைச் சற்றுக் குறைத்து, டி2 ஏற்பிகளை இறுகப் பற்றாத குவெட்டியாபின் என்ற மனநோய் மருந்தை இரவில் சிறிதளவு சேர்த்தார்கள். இப்போதும் எப்போதாவது ஒரு மாலையில் அந்தக் குழந்தைகள் வருகிறார்கள். மாத்திரை காட்டுகிற வேடிக்கை என்று தந்தையே சொல்லிவிடுகிறார்.