கேஜ் பிரஷர், அப்சல்யூட் பிரஷர்: தமிழில் எப்படிச் சொல்லலாம்?

மொழிபெயர்ப்பாளர், கோவை:
வணக்கமுங்க. பாலிடெக்னிக் ஆய்வகக் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகுது. வாயு விதிப் பாடத்தில் இந்த இரண்டு சொல்லும்தான் பாக்கி. முள் காட்டும் கேஜ் பிரஷர், வெளிக்காற்றின் அழுத்தத்தைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பது மட்டும்; வெளிக்காற்றின் அழுத்தத்தையும் அதோடு கூட்டினால் அப்சல்யூட் பிரஷர். கணக்கு இது: 200 லிட்டர் கம்ப்ரசர் தொட்டி, முள் 7 பாரில் நிற்குது, காற்று 30 டிகிரி செல்சியஸ். உள்ளே எத்தனை மோல் காற்று? 7ஐ அப்படியே போட்டால் 55.5 மோல். கோவையின் காற்றுமண்டல அழுத்தம் சுமார் 0.965 பார், அதைக் கூட்டி 7.965 என்று போட்டால் 63.2. வெப்பநிலை 303.15 கெல்வின், வாயு மாறிலி 0.08314 லிட்டர்-பார்/(மோல்-கெல்வின்). முள் சுழிக்கு இறங்கினாலும் உள்ளே 7.7 மோல் காற்று இருக்கும். முள் காட்டுவதையே போடும் மாணவர் விடையோ சுழி.

தமிழாசிரியர், ஈரோடு:
அப்சல்யூட் டெம்பரேச்சரைத் தனி வெப்பநிலை என்கிறோம். அதே வழியில் அப்சல்யூட் பிரஷர் தனி அழுத்தம். மற்றது, அளக்கும் கருவியான மானி காட்டுவதால், மானியழுத்தம். 'மானி' வடசொல் என்று தள்ள வேண்டாம். இருபதில் ஒன்றான 'மா'வும் அளவுதான். இரண்டுக்கும் வேர் ஒன்று என்பது என் துணிபு.

வேதியியல் ஆசிரியர், நாமக்கல்:
அய்யா, 'தனி' இங்கே ஆபத்துங்க. அடுத்த பக்கமே டால்டன் விதி. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தனியாகத் தரும் பகுதி அழுத்தம் என்றுதான் பையன் படிப்பான். 'முழு' என்றால் மொத்த அழுத்தத்தோடு குழம்பும். அப்சல்யூட் மெஜாரிட்டியை அறுதிப் பெரும்பான்மை என்பது எல்லாருக்கும் தெரியும், அறுதியழுத்தம் என்போம்.

கம்ப்ரசர் பட்டறைக்காரர், கோவை கணபதி:
பட்டறையில் "ஏழு கிலோ காத்து" என்பதுதான் பேச்சு. அது சதுர சென்டிமீட்டருக்கு ஏழு கிலோ விசை, 686 கிலோபாஸ்கல். 7 பார் 700. சொல் எதுவானாலும் அலகைப் பக்கத்திலேயே போடுங்க. அப்புறம், மானியழுத்தம் என்றால் அரசு மானியம் என்று வாசிக்க மாட்டாங்களா?

தமிழாசிரியர், ஈரோடு:
வாசிக்க இலக்கணம் விடாது தம்பி. இகரத்தின் பின் யகர உடம்படுமெய்: மானியழுத்தம். மானியம் என்றால் அகரத்தின் பின் வகரம் வந்து மானியவழுத்தம் ஆகும். இதைவிட நல்ல சொல்லும் ஒன்று உண்டு. தானியம் அளக்கும் வள்ளத்தில் தலைதட்டி அளப்பதும் குவித்து அளப்பதும் நம் பக்கத்து வழக்கம். முள் காட்டுவது விளிம்புக்கு மேலே குவிந்ததை மட்டும். எனவே மிகையழுத்தம்.

வேதியியல் ஆசிரியர், நாமக்கல்:
உவமை பொருத்தமானது, வகுப்பில் கட்டாயம் சொல்வேன். ஆனால் வெற்றிட பம்பில் முள் -0.6 பார் காட்டும்போது அதை மிகை என்று எப்படிச் சொல்வதுங்க? அறுதியழுத்தம் அங்கே 0.365 பார்.

மொழிபெயர்ப்பாளர், கோவை:
குழுவில் கேட்டதில் மிகைக்கு இரண்டு பேர், மானிக்கு நான்கு. மானியழுத்தம், அறுதியழுத்தம் என்றே கொடுக்கிறேன். முதல் முறை வரும்போது கேஜ் பிரஷர், அப்சல்யூட் பிரஷர் என்று அடைப்புக்குள் இருக்கும். அலகு ஒவ்வொரு வரியிலும் உண்டு.

தமிழாசிரியர், ஈரோடு:
அச்சுக்கு அனுப்புங்கள். ஆனால் சந்தி தெரியாதவன் தடுமாறுவான் என்று பட்டறைத் தம்பி கேட்டது நியாயம். 'மானி அழுத்தம்' என்று இடம்விட்டே அச்சிடுங்கள். மிகையை நான் இன்னும் விடவில்லை.