மறைந்த அறிஞரின் தாள்களை நூலகத்துக்குக் கொடுக்குமுன் பிரித்து அடுக்கலாமா?

கேள்வி:
மொழியியல் ஆய்வாளரான என் பெரியப்பா விட்டுச்சென்ற கையெழுத்துப் படிகளும் கடிதங்களும் நாட்குறிப்புகளும் இருபது பெட்டிகளில் உள்ளன. பல்கலைக்கழக நூலகம் ஒன்று அவற்றைத் தன் ஆவணக்காப்பகத்தில் வைத்துக்கொள்ள இசைந்திருக்கிறது. அதற்குமுன் பொருள்வாரியாகப் பிரித்து, வரவுசெலவுக் கணக்கு, மருந்துச் சீட்டு போன்றவற்றைக் கழித்துவிட எண்ணுகிறேன். உயிரோடிருப்பவர்களைப் பற்றி அவர் கடுமையாக எழுதிய நாட்குறிப்புப் பக்கங்களைக் கிழித்தெடுப்பது முறையாகுமா?

ஆவணக் காப்பாளர் ஒருவரின் மறுமொழி:
ஐயா, தயவுசெய்து பிரிக்க வேண்டாம். தாள்களை உருவாக்கியவர் வைத்திருந்த வரிசையிலேயே காக்க வேண்டும் என்பதை, அன்று ஜெர்மனியின் ஒரு பகுதியாயிருந்த பிரஷ்யாவின் அரசு ஆவணக்காப்பகம் 1881இல் விதியாக்கியது. இன்றும் நாங்கள் பின்பற்றுவது அதைத்தான். தேதியில்லாத ஒரு கடிதம் எந்தக் கட்டுரை வரைவின் நடுவே கிடந்தது என்பதைக் கொண்டே அது எழுதப்பட்ட காலத்தை ஊகித்துவிட முடியும். எடுத்துத் தனியே அடுக்கினால் அந்தச் சான்று போய்விடும். மருந்துச் சீட்டையும் கழிக்காதீர்கள், அதன் பின்புறத்தில் என்ன எழுதியிருக்கிறார் என்று முதலில் பாருங்கள். ஒவ்வொரு பெட்டியையும் திறந்த நிலையில் படமெடுத்து, அது எந்த அலமாரியில் இருந்தது என்பதைப் பென்சிலால் குறித்து வையுங்கள். பழைய புகைப்படங்களில் இருப்பவர் யார் யார் என்று குடும்பத்தினர்தாம் சொல்ல முடியும். வேறு எதைச் செய்யாவிட்டாலும் அதை எழுதிக் கொடுங்கள். கிழிந்த தாளில் ஒட்டுநாடா மட்டும் ஒட்டாதீர்கள், அதன் பசை நாளடைவில் தாளையே கறையாக்கிவிடும்.

ஆய்வாளர் ஒருவரின் மறுமொழி:
கிழிப்பதற்குப் பதிலாக, குறிப்பிட்ட ஆண்டுவரை திறக்கக் கூடாது என்று நிபந்தனை விதிக்கலாம். கவிஞர் டி. எஸ். எலியட் தமக்கு எழுதிய 1,131 கடிதங்களை அவர் தோழி எமிலி ஹேல் பிரின்ஸ்டன் பல்கலைக்கழக நூலகத்தில் ஒப்படைத்தார். அவை இருவரும் மறைந்து ஐம்பது ஆண்டுகள் கழிந்தபின், 2020 ஜனவரியில்தான் படிப்போர் கைக்கு வந்தன. ஹேல் எழுதிய கடிதங்களையோ எலியட் எரிக்கச் செய்துவிட்டார். ஆகவே நம்மிடம் இருப்பது உரையாடலில் ஒருவர் குரல் மட்டுமே. ஒருமுறை கிழித்ததை எந்த நூலகமும் மீட்டுத்தர இயலாது. நிபந்தனையில் ‘குடும்பத்தார் விரும்பும்வரை’ என்று எழுதாமல் ஆண்டைத் தெளிவாகக் குறிப்பிடுங்கள். காலவரையற்ற பூட்டுகளால் ஆய்வாளர்கள் பட்டிருக்கும் அவதி கொஞ்சமன்று.

மற்றொருவரின் மறுமொழி:
கொடை ஒப்பந்தத்தில் பதிப்புரிமையைப் பற்றித் தனியாக எழுதச் சொல்லுங்கள். பெரியப்பாவுக்கு வந்த கடிதங்களின் தாள் உங்களுடையதே ஆனாலும், அவற்றை அச்சிடும் உரிமை பொதுவாக எழுதியவருக்கோ அவர் வாரிசுகளுக்கோ உரியது. அவர் கணினி பயன்படுத்தியிருந்தால் கோப்புகளை நீங்களே படியெடுக்காமல் கருவியையே ஒப்படைப்பது நல்லது. திறந்து சேமிக்கும்போது கோப்புகளின் தேதிகள் மாறிவிடும்.

கேட்டவர்:
மிக்க நன்றி. நாட்குறிப்புகளை முழுதாகவே கொடுத்து, ஆண்டு குறித்து மூடிவைக்கச் சொல்கிறேன். ஆனால் மூன்று பெட்டிகளை ஏற்கெனவே கலைத்துவிட்டேனே?

ஆவணக் காப்பாளர்:
நினைவிலிருந்து மீண்டும் அடுக்க முயலாதீர்கள். அது பழைய வரிசை என்று பிறர் நம்பிவிடுவார்கள். எவற்றை, எப்போது கலைத்தீர்கள் என்று ஒரு தாளில் எழுதி அந்தந்தப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள்.