எஸ் அலைக்கு ‘நெளிவு அலை’ பொருந்துமா?

குழுவினருக்கு வணக்கம்.

நிலநடுக்கம் வந்தால் பாறை வழியே இரண்டு அலைகள் கிளம்புகின்றன: முதலில் வந்து சேர்வது பி (P) அலை, பின்னால் வருவது எஸ் (S) அலை. எஸ் அலையைத் தமிழில் எப்படி அழைப்பது என்ற நம் பேச்சில் இதுவரை மூன்று பெயர்கள் வந்திருக்கின்றன. காட்பாடி ஐயா ஆங்கிலத்தின் ‘shear wave’ஐ ஒட்டி ‘வெட்டு அலை’ என்கிறார். ஆம்பூர் அம்மா ‘இரண்டாம் நிலை அலை’ போதும் என்கிறார். பாடநூல் வழியில் போனால் ‘சறுக்குப்பெயர்ச்சி அலை’.

கடைசியில் உள்ளது சரியானதுதான், ஆனால் வாயில் நுழையவில்லை. ‘வெட்டு அலை’யைச் சேர்த்து எழுதினால் ‘வெட்டலை’. எங்கள் குடியாத்தத்தில் அதற்கு இன்னும் வெட்டவில்லை என்றுதான் அர்த்தம்! சிரிப்பு இருக்கட்டும், இந்த அலை போகும் வழியில் பாறை எங்கும் வெட்டுப்படுவதில்லை. கட்டி வைத்த லுங்கி அடுக்கின் மேல்பக்கத்தைக் கையால் பக்கவாட்டில் தள்ளிப் பாருங்கள். அடுக்கு சாயும், உயரமோ பருமனோ மாறாது. பாறையும் அப்படித்தான் சாய்கிறது. ஆனால் லுங்கி அடுக்கு சாய்ந்தபடியே கிடக்கும்; பாறை தன் விறைப்பால் பழைய நிலைக்கு மீண்டு, மறுபக்கமும் சாயும். அந்த ஆட்டம் அடுத்த பகுதிக்குத் தொற்றிக்கொண்டே போவதுதான் எஸ் அலை. திரவத்துக்கு இப்படி மீளும் குணம் கிடையாது. அதனால் அங்கே எஸ் அலையும் கிடையாது.

‘இரண்டாம் நிலை’ என்பது வந்து சேரும் வரிசையை மட்டும் சொல்கிறது. 2021 நவம்பர் 29 விடியற்காலையில், வேலூருக்குத் தென்மேற்கே சுமார் 60 கி.மீ. தொலைவில் 3.6 அளவில் அதிர்ந்தது பலருக்கு நினைவிருக்கும். அந்தத் தொலைவில் இரண்டு அலைகளுக்கும் இடைவெளி ஏழெட்டு வினாடிதான். டோக்கியோ பக்கம் அதிர்ந்தால் பி அலை வேலூருக்கு வர ஏறத்தாழ 10 நிமிடம், எஸ் அலைக்கு 18 நிமிடம். சிலியில் அதிர்ந்தாலோ எஸ் அலை நேர்வழியில் இங்கே வரவே வராது. நடுவில் பூமிக் கருவத்தின் (core) திரவமான வெளிப்பகுதி, அதாவது வெளிக்கருவம், மறிக்கிறது. பூமியின் மையத்தில் அளக்கும் கோணத்தில், அதிர்ந்த இடத்திலிருந்து சுமார் 103 பாகைக்கு (degree) அப்பால் எல்லா ஊருக்கும் இதே கதைதான். இரண்டாவதாக வர வேண்டியது வராமலே போனால் அந்தப் பெயருக்கு என்ன பொருள்? தவிர, ‘இரண்டாம் அலை’ என்று சுருக்கினால் இன்னும் சில வருடங்களுக்குக் கொரோனாதான் ஞாபகம் வரும்.

தனிமடலில் ஒருவர் ‘விறைப்பலை’ என்று எழுதியிருந்தார். எனக்கும் முதலில் பிடித்தது. எஸ் அலையின் வேகம், விறைப்புக் குணகத்தை (சாய்வதைப் பாறை எவ்வளவு எதிர்க்கிறது என்ற அளவை) அடர்த்தியால் வகுத்து எடுத்த வர்க்கமூலம். ஆழம் போகப் போக அடர்த்தி கூடினாலும் விறைப்பு அதைவிட அதிகமாகக் கூடுவதால், கருவத்துக்கு மேலே உள்ள மூடகத்தின் (mantle) மேற்பகுதியில் வினாடிக்கு 4.5 கி.மீ. அளவில் இருக்கும் வேகம் அடியில் 7 கி.மீ.யைத் தாண்டிவிடுகிறது. அப்புறம் சுமார் 2,890 கி.மீ. ஆழத்தில், திரவ வெளிக்கருவம் தொடங்கும் இடத்தில், ஒரேயடியாகச் சுழியம். ஆனால் பி அலையின் வேகத்திலும் விறைப்புக்குப் பங்கு உண்டு. பெயரை ஒருவருக்கு மட்டும் எழுதி வைப்பது நியாயமில்லை.

என் பரிந்துரை: எஸ் அலை ‘நெளிவு அலை’, பி அலை ‘நெருக்கு அலை’. ஒன்று போகும் திசைக்குக் குறுக்கே நெளிகிறது, மற்றது போகும் திசையிலேயே நெருக்கித் தளர்கிறது. கட்டட உத்திரத்தில் வரும் வெட்டுவிசைக்கு (shear force) ‘நெளிவு’ பொருந்தாது என்று காட்பாடி ஐயா சொல்வார். அது கட்டடப் பொறியியலில் அப்படியே இருந்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பெயர்களின் பயன் கருவத்தைக் கடக்கும் அலைகளில்தான் தெரியும். 1906இல் ஓல்டாம் பூமிக்குக் கருவம் உண்டு என்று நிலநடுக்கப் பதிவுகளிலிருந்து காட்டினார். அது திரவம் என்று 1926இல் ஜெஃப்ரீஸ் நிறுவினார். அந்த எல்லையில் மோதும் எஸ் அலையின் ஒரு பகுதி பி அலையாக மாறித் திரவத்தைக் கடந்து, மறுபக்கம் மீண்டும் எஸ் அலையாக வெளியே வரும். இதை ‘இரண்டாம்–முதல்–இரண்டாம்’ என்று வகுப்பில் சொல்லிப் பாருங்கள், பிள்ளைகள் பந்தய முடிவு என்று நினைப்பார்கள். ‘நெளிவு–நெருக்கு–நெளிவு’ என்றால் நடந்தது அப்படியே தெரிகிறது. அந்தத் திரவத்துக்கு நடுவே உள்ள திடமான உட்கருவத்துக்குள் நெளிவு அலை மறுபடி தலைகாட்டுவதையும் இதே வழியில் சொல்லிவிடலாம்.

பி அலைக்கு ‘நெருக்கு அலை’யை ஏற்றால்தான் இந்த ஜோடி நிற்கும். அங்கே ‘இரண்டாம் நிலை’க்கு ஜோடியான ‘முதன்மை அலை’யை விட்டுக்கொடுக்க ஆம்பூர் அம்மா சம்மதிப்பாரா?