வேட்டைக் கத்தியின் இறப்பர் பிடி பிசுபிசுக்கிறது: ஆலோசனை தேவை

குழு அன்பர்களுக்கு வணக்கம்.

வெள்ளவத்தையில், கடலுக்கு அண்மையில் வசிக்கிறேன். பத்தாண்டுகளுக்கு முன் கனடாவிலிருந்து மைத்துனர் கொண்டுவந்து தந்த, மடங்காத அலகுடைய வேட்டைக் கத்தியொன்று என்னிடம் உள்ளது. வேட்டைக்கு இங்கே இடமேது, மீன் வெட்டத்தான் பயன்பட்டது. அலகில் துருப்புள்ளிகூட இல்லை; ஆனால் ஓராண்டு தோலுறையில் கிடந்த கத்தியைச் சென்ற வாரம் எடுத்தபோது, அதன் கறுப்பு இறப்பர் பிடி உருகிய சர்க்கரைபோல விரல்களில் ஒட்டியது; என் பெருவிரல் ரேகை இன்னும் அதில் பதிந்திருக்கிறது.

இயற்கை இறப்பர் கனிம எண்ணெய் பட்டால் வீங்கி மென்மையாகும் என்பதை அறிவேன். அலகில் பூசிய தையல் இயந்திர எண்ணெய் பிடியிலும் பட்டிருக்கக்கூடும். டீட் என்னும் நுளம்பு விரட்டும் இரசாயனம் கலந்த களிம்பு பூசிய கையோடு அதைப் பிடித்ததும் உண்டு. டீட்டும் சில பிளாஸ்டிக்குகளையும் செயற்கை இறப்பர்களையும் அரிக்கும். எது காரணம் என்பதை எவ்வாறு கண்டறிவது? சவர்க்காரமிட்டுக் கழுவினேன், இரண்டே நாளில் பழைய நிலை. ஐசோபுரோபைல் அற்ககோலால் துடைத்துப் பயனடைந்தவர்கள் உளரா?

பிடி அலகோடு சேர்த்து வார்க்கப்பட்டது, ஆணிகள் இல்லை. அதை அறுத்தெடுத்து, மரமோ, பிசினில் இறுகிய துணியடுக்கான மைக்காட்டாவோ பொருத்தித் தரக்கூடிய பட்டறை கொழும்பில் இருந்தால் அறியத்தாருங்கள்.