பழைய சி மொழி நிரல் கோப்புக்கு என்ன லைசென்ஸ்? அவசரம்

குமிழ்: வணக்கம். ஒரு பழைய சி கோப்பை எங்கள் மென்பொருளில் சேர்க்க வேண்டும். லைசென்ஸ் தெளிவாக இல்லை. சேர்க்கலாமா? வெள்ளிக்கிழமை வெளியீடு.

நிரலி: எங்கிருந்து எடுத்தீர்கள்? கோப்பின் தலைப்பில் என்ன இருக்கிறது? மென்பொருளை வெளியே கொடுக்கப் போகிறீர்களா, உங்கள் சர்வரில் மட்டும் ஓடுமா?

ஆழி: லைசென்ஸ் இல்லையென்றால் பொதுச்சொத்து. தாராளமாக எடுங்கள்.

மூத்தவன்: இதை எத்தனை இழையில் சொல்வது? லைசென்ஸ் இல்லையென்றால் உங்களுக்கு எந்த உரிமையும் இல்லை. பெர்ன் உடன்படிக்கை என்ற சர்வதேசப் பதிப்புரிமை ஒப்பந்தப்படி எழுதியவுடனே பதிப்புரிமை வந்துவிடும். அடிப்படையைப் படித்துவிட்டுப் பதில் போடுங்கள்.

ஆழி: அமெரிக்காவில் 1989 மார்ச்சுக்கு முன் பதிப்புரிமைக் குறிப்பு இல்லாமல் வெளியிட்டால் உரிமையே போகலாம். நான் சொன்னது அதை வைத்து.

நிரலி: கோப்பு எந்த ஆண்டு என்றே இன்னும் தெரியவில்லையே!

குமிழ்: கிட் (நிரல் மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவி) களஞ்சியத்தில் எடுத்தது. தலைப்பில் 'காப்பிரைட் 1996, ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்' என்று ஒரே வரி. மேல் கோப்புறையில் 'காப்பியிங்' என்ற லைசென்ஸ் கோப்பு, உள்ளே ஜிபிஎல் 3 (சேர்த்து வெளியிடும் மென்பொருளையும் அதே லைசென்ஸில் தரச் சொல்வது).

நிரலி: ஜிபிஎல் 3 வந்ததே 2007இல். இடிக்கிறது. ஆட்டோமேக் என்ற நிரல் கட்டமைப்புக் கருவியை 'ஆட் மிஸ்ஸிங்' தெரிவோடு ஓட்டினால், காப்பியிங் இல்லாத இடத்தில் ஜிபிஎல் உரையை அதுவே கொண்டுவந்து வைத்துவிடும். ஆசிரியர் கொடுத்ததாக ஆகாது. எந்த கமிட்டில் (கிட்டில் பதிவான மாற்றத்தில்) நுழைந்தது என்று பாருங்கள்.

சுவடி: 'ஆல் ரைட்ஸ் ரிசர்வ்ட்' பிஎஸ்டி என்ற தாராளமான லைசென்ஸின் தலைப்பிலும் வரும். கீழே இருந்த பத்திகளை யாராவது வெட்டியிருக்கலாம். பழைய டார் (கோப்புகளைச் சேர்த்துக் கட்டிய தொகுப்பு) வெளியீட்டைத் தேடுங்கள். சாஃப்ட்வேர் ஹெரிடேஜ் என்ற நிரல் காப்பகம், டெபியன் லினக்ஸ் தொகுப்பின் காப்பிரைட் கோப்பு இரண்டையும் பாருங்கள்.

குமிழ்: டார் கிடைத்தது. பிஎஸ்டி நான்கு பிரிவும் முழுசாக இருக்கிறது. சேர்த்துவிடுகிறேன், நன்றி.

சுவடி: பொறுங்கள், நான்கு பிரிவு என்றால், விளம்பரங்களில் உரிமையாளர் பெயரைக் குறிப்பிடச் சொல்லும் விளம்பரப் பிரிவும் உண்டு. அது ஜிபிஎல்லோடு ஒத்துப்போகாது.

மூத்தவன்: அதை பிஎஸ்டி பிறந்த பெர்க்லி (கலிஃபோர்னியா பல்கலைக்கழகம்) 1999இலேயே நீக்கிவிட்டது. இதுகூடத் தெரியாதா?

சுவடி: கலிஃபோர்னியா பல்கலைக்கழகம் தன் நிரலுக்கு மட்டும்தான் நீக்கியது. உரிமையாளர் வேறொருவர் என்றால் அவர்தான் நீக்க வேண்டும்.

மூத்தவன்: நடைமுறையில் யாரும் பார்ப்பதில்லை.

சுவடி: யாரும் பார்க்கவில்லை என்பதற்காக அனுமதி கிடைத்துவிடாது.

நிரலி: குமிழ், உங்கள் மென்பொருளில் ஜிபிஎல் நூலகம் ஏதாவது இருக்கிறதா? இருந்தால் சேர்க்காதீர்கள், உரிமையாளருக்கு எழுதிக் கேளுங்கள். இல்லையென்றாலும் டாரில் உள்ள பதிப்பையே எடுங்கள். கிட்டில் அப்புறம் திருத்தியவர்கள் எந்த லைசென்ஸில் கொடுத்தார்கள் என்று நமக்குத் தெரியாது.