பழைய சாமி படம் வைத்திருப்பவர்களுக்கு

அண்ணாச்சிமார், மதினிமார் எல்லாருக்கும் வணக்கம்.

நம் கோவில்பட்டியில் வாழ்ந்த, காலண்டர் சாமி படம் வரைந்த ஓவியர் கொண்டையராஜுவுக்கு நினைவாக என்ன செய்யலாம் என்று பேச்சை எடுத்தாலே சிலை, வளைவு என்றுதான் நாம் போகிறோம். எனக்கு அதில் மனசு ஒட்டவில்லை.

1898இல் பிறந்தவர். மெட்ராஸ் ஓவியப் பள்ளியில் படித்துவிட்டு, கொஞ்ச காலம் திருவண்ணாமலையில் ரமணர் ஆசிரமத்தில் இருந்தார். அப்புறம் நாடகக் கம்பெனிக்கு சீன் வரைந்துகொண்டு ஊர் ஊராகச் சுற்றினார். 1940களில் அந்தக் கம்பெனி கோவில்பட்டியில் கலைந்தது. மனுஷர் இங்கேயே ஸ்டுடியோ போட்டு உட்கார்ந்துவிட்டார். கல்யாணம் கட்டிக்கொள்ளவில்லை, சீடப்பிள்ளைகள்தான் குடும்பம். பக்கத்தில் சிவகாசி அச்சகங்கள், அவர்களுக்கு வருஷா வருஷம் காலண்டருக்குப் படம் வேண்டும். இவர் வரைந்த மீனாட்சி கல்யாணம் தொங்காத பூசை ரூம் நம் பக்கத்தில் குறைவு. 1976இல் காலமானார்.

போன லீவில் எங்கள் வீட்டை இடித்தபோது மச்சிலிருந்து ஒரு மீனாட்சி கல்யாணம் படம் கிடைத்தது. சட்டத்தில் கரையான். பழைய சாமி படத்தைக் குப்பையில் போடக்கூடாது, கோவில் மரத்தடியில் வைத்துவிட்டு வா என்று வீட்டில் சொன்னார்கள். தூக்கிக்கொண்டு கிளம்பியவன், விளக்குப் புகை படிந்த கண்ணாடியைத் துண்டால் துடைத்தேன். கீழ் மூலையில், கடுகு சைஸ் எழுத்தில், கொண்டையராஜு என்று இருக்க, கூடவே அவர் சீடர் சுப்பையாவின் பெயரும் இருந்தது! தன் பெயருக்குப் பக்கத்தில் பிள்ளையின் பெயரையும் போட இடம் விட்ட வாத்தியார். அதற்கப்புறம் மரத்தடிக்கு எங்கே போவது, வீட்டுக்கே திரும்பிவிட்டேன்.

அதனால் சிலைக்குப் பதில் ஒரு வேலை செய்வோம், அவர் படங்களைப் போட்டோவாகச் சேர்த்துவைப்போம். ஊரில் இருக்கிற பெரியவர்களிடம் சொல்லி, பழைய படங்களை மரத்தடிக்கு அனுப்புமுன் செல்போனில் ஒரு போட்டோ எடுக்கச் சொல்லுங்கள். முழுப்படம் ஒன்று, கீழ் மூலை தனியாக ஒன்று. காலண்டரிலிருந்து வெட்டி பிரேம் போட்டபோது கடைக்காரர் அடிப்பக்கத்தைக் கத்தரித்திருந்தால் பெயர் போயிருக்கும், பரவாயில்லை, அனுப்புங்கள். தாள் கண்ணாடியோடு ஒட்டியிருந்தால் தயவுசெய்து பிய்க்க வேண்டாம், சாயம் கண்ணாடியிலேயே நின்றுவிடும்.

முதல் படம் என்னுடையது, இத்துடன் இணைத்திருக்கிறேன். மீனாட்சி முகம் கொஞ்சம் மறைந்திருக்கும். கண்ணாடிமேல் ஆச்சி வைத்த குங்குமம், அதை மட்டும் துடைக்கவில்லை.